அறிவியல் கதைகளுக்குள் எவ்வளவு அறிவியல்? கொங்கு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டம் கூடும். அறிவியல் புனைகதைகளைப் படித்துப் பேசுவோம். பள்ளிப் பிள்ளைகள், பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், விவசாயிகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எனப் பலரும் வருகிறார்கள். கதை எதுவானாலும் கடைசியில் ஒருவர் கேட்பார்: "ஏனுங்க, இது நெசமா நடக்குமுங்களா?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வந்தால், இன்னும் ஆழமாகப் பேசலாம்.

கதையில் வரும் அறிவியல் எல்லாம் சரியாக இருந்தே ஆகவேண்டுமா?

அப்படிக் கட்டாயம் ஒன்றும் இல்லை. இயற்கையின் ஏதாவது ஒரு விதியைக் கதாசிரியர் வேண்டுமென்றே மீறலாம். அந்த ஒன்றை மீறினால் வேறு என்னென்ன மாறும் என்று அவர் யோசித்திருக்கிறாரா என்றுதான் நான் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போகும் மனிதனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி அவன் உடம்பைத் தடையில்லாமல் கடந்துவிடுகிறது, அதனால் அவன் தெரிவதில்லை. சரி, அவன் எப்படிப் பார்ப்பான்? பார்வைக்கு விழித்திரை ஒளியைப் பிடித்து நிறுத்த வேண்டும். முழுதாக மறைந்தவனின் விழித்திரையில் ஒளி நிற்காது. அவனுக்குப் பார்வையே இருக்காது. யார் கண்ணிலும் படாத, தானும் எதையும் பார்க்க முடியாத ஒருவனைப் பற்றி யாராவது எழுதினால் முதல் ஆளாக நான் வாங்கிப் படிப்பேன்.

காலப் பயணம் உண்மையில் சாத்தியமா?

எதிர்காலத்தை நோக்கிப் போவது சாத்தியம். அது தினமும் நம் தலைக்கு மேலே நடந்துகொண்டிருக்கிறது. சாட்சி ஊட்டியில் இருக்கிறது.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேல் அடுக்குகளில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. பெரும்பாலும் 10, 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும். ஒரு மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி. அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காகப் போட்டால் அதில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அந்த நேரத்துக்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். இந்தக் கணக்கை நம்பினால் தரைக்கு வந்து சேரும் மியூவான்கள் மிக மிகச் சொற்பமாக இருக்க வேண்டும்.

ஆனால் ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 560 சதுர மீட்டர் பரப்பில் 3,712 உணர்கருவிகள் கொண்ட மியூவான் தொலைநோக்கி ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கிறது. எப்படி அத்தனை வந்து சேர்கின்றன? வேகமாக ஓடும் பொருளின் கடிகாரம் நம் பார்வையில் மெதுவாக நகரும். ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னது இதுதான். ஒளி வேகத்தில் 99 சதவீத வேகத்தில் போகிறவருக்கு ஓர் ஆண்டு கழியும்போது இங்கே 7 ஆண்டுகள் கழிந்துவிடும். மியூவான்கள் அதைவிட வேகமாக வருகின்றன. நம் கடிகாரப்படி அவை என்றோ அழிந்திருக்க வேண்டும். அவற்றின் கடிகாரப்படி பிறந்த வேகத்தில் தரையைத் தொட்டுவிடுகின்றன.

மனிதர்களுக்கும் இது நடக்கிறது, ஆனால் ரொம்பச் சின்ன அளவில். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறவர் நம்மைவிடச் சுமார் இருநூறில் ஒரு பங்கு விநாடி இளமையாகத் திரும்புகிறார். நாமக்கல் லாரி டிரைவரின் போனில் வழிகாட்டும் ஜிபிஎஸ்ஸிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. செயற்கைக்கோளின் வேகத்தால் அதிலுள்ள கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோவிநாடி பின்தங்கும். மேலே ஈர்ப்பு குறைவாக இருப்பதால் 45 மைக்ரோவிநாடி முந்தும். கூட்டிக் கழித்தால் 38 மைக்ரோவிநாடி முன்னால் ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் வரை பிழை சேர்ந்துவிடும். சங்ககிரிக்குப் போக வேண்டிய லோடு எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கடந்த காலத்துக்குத் திரும்பிப் போவதற்கு இதுவரை எந்தச் சான்றும் இல்லை. சில சமன்பாடுகள் அதற்கு இடம் கொடுப்பதுபோலத் தெரிந்தாலும், அவை கேட்கும் பொருள்களை யாரும் கண்டதில்லை. ஆகவே தாத்தாவைச் சந்திக்கப் போகும் கதை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். அங்கே நீங்கள் விதியை மீறுகிறீர்கள் என்று மட்டும் தெரிந்திருங்கள்.

நிலவில் ஊர் கட்டி வாழும் கதைகளில் எவ்வளவு உண்மை?

நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டால் எனக்குத் தனி மகிழ்ச்சி. பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை கிடைக்கிறது. கால்சியம் செறிந்த ஃபெல்ட்ஸ்பார் கனிமம்தான் அதில் பெரும்பகுதி. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. நிலவின் மேட்டுநிலங்களும் இதே வகைப் பாறையால் ஆனவை. நிலவு உருவான தொடக்கத்தில் அதன் மேற்பரப்பு உருகிய பாறைக் கடலாக இருந்தது, எடை குறைந்த ஃபெல்ட்ஸ்பார் மேலே மிதந்து வந்து உறைந்தது என்பது அறிவியலாளர்களின் விளக்கம்.

சந்திரயான்-2 தரையிறங்குகலனையும் உலாவியையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலவு மண் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. வெளிநாடுகளில் செய்யப்பட்ட மாதிரி மண் பலவும் நிலவின் தாழ்நிலங்களில் உள்ள பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறையைப் போன்றது. தென்துருவப் பக்கம் இறங்கப் போகும் கலத்துக்கு மேட்டுநில மண்தான் பொருத்தம். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறையினர் துணையோடு நாமக்கல் பாறை தேர்வானது. அதை உடைத்து, அரைத்து, நிலவு மண்ணின் துகள் அளவுக்குக் கொண்டுவந்து பெங்களூருவில் பரப்பினார்கள். செய்முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. அதன் உலாவி அங்கே மண்ணை ஆராய்ந்து அனுப்பிய முடிவுகள் 2024இல் வெளியாயின. உருகிய பாறைக் கடல் விளக்கத்துக்குப் பொருந்தும் அனார்த்தோசைட் வகை மண்தான் அங்கும் இருந்தது. நம் ஊர்க் கல்லை வைத்துப் பழகிய வண்டி, அதே இனத்துக் கல்லின் மேல் போய் ஓடியிருக்கிறது. ஒரு கதாசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் "ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே" என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

நிலவுக் கதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது முக்கியமாகத் தூசி. அங்கே காற்றும் நீரும் உருட்டித் தேய்க்காததால் ஒவ்வொரு துகளும் கூர் மழுங்காமல் இருக்கிறது. அப்போலோ வீரர்களின் விண்வெளி உடைகளை அது அராவியது, இணைப்புகளில் புகுந்து அடைத்தது. அடுத்தது வெப்பம். சந்திரயான்-3 தரைக்குள் செலுத்திய வெப்பமானி முதலில் காட்டிய அளவுகளின்படி, மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்த பகல் வெப்பம் வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரிக்குப் போய்விட்டது. அந்த மண் அவ்வளவு நன்றாக வெப்பத்தைத் தடுக்கிறது. கண்ணாடிக் குமிழி வீடுகளை வரைந்து காட்டும் கதைகளைவிட, குடியிருப்பை மண்ணுக்கு அடியில் புதைக்கும் கதைகளை நான் நம்புவது இதனால்தான். கதிர்வீச்சுக்கும் விண்கல் துகள்களுக்கும் அதுவே காப்பு.

தண்ணீர்? 2008இல் ஏவிய சந்திரயான்-1 நிலவில் நீர் இருப்பதற்கான தடயத்தைக் காட்டியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோதவாடி ஊர்க்காரர், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்.

செவ்வாயில் அடிக்கும் புயல் ராக்கெட்டையே சாய்த்துவிடுமா?

சாய்க்காது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் காற்றுக்குச் சொன்னது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றில் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் சுற்றுகின்றனவே, அவற்றைத் தள்ளுவது காற்றின் வேகம் மட்டும் இல்லை. அதன் அடர்த்தியும் சேர்ந்துதான் தள்ளுகிறது. செவ்வாயின் காற்று நம் காற்றைவிடச் சுமார் 60 மடங்கு அடர்த்தி குறைந்தது. அங்கே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் புயல் தரும் அழுத்தம், இங்கே 13 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் தென்றலுக்குத்தான் சமம். உங்கள் துண்டு லேசாக ஆடும். அவ்வளவுதான்.

ஆபத்து தூசியில் இருக்கிறது. 2018இல் செவ்வாய் முழுவதையும் மூடிய தூசிப் புயலில் வெயில் மறைந்து, சூரியத் தகடுகளை நம்பி 14 ஆண்டுகள் ஓடிய ஆப்பர்ச்சூனிட்டி என்ற வண்டி நிரந்தரமாக நின்றுபோனது. நாள் கணக்கில் இருட்டு, பேட்டரி இறங்கிக்கொண்டே வருகிறது, குளிர் ஏறுகிறது. ராக்கெட் சாய்வதைவிட இதில் பயம் அதிகம்.

விண்வெளியில் உடை கிழிந்தால் மனிதன் வெடித்துவிடுவானா?

மாட்டான். தோலும் தசையும் அதைத் தாங்கும் அளவுக்கு வலுவானவை. உண்மையில் நடப்பதைப் புரிந்துகொள்ள ஊட்டியில் சோறாக்கியவர்களைக் கேளுங்கள். சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அங்கே ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலை இறங்கும். வெற்றிடத்தில் நம் உடல் வெப்பமே போதும், வெளியில் படும் ஈரம் எல்லாம் கொதிக்கும். 1966இல் அமெரிக்காவில் ஒரு வெற்றிட அறையில் விண்வெளி உடையைச் சோதித்த தொழில்நுட்பர் ஒருவருக்குக் காற்றுக் குழாய் கழன்றுவிட்டது. 14 விநாடிகளில் நினைவிழந்தார். நினைவு தப்பும் முன் நாக்கில் எச்சில் கொதித்ததை உணர்ந்ததாகச் சொன்னார். உடனே காற்றை நிரப்பியதால் பிழைத்தார். ஆகவே உங்கள் நாயகனுக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி சுயநினைவு உண்டு. அதற்குள் என்ன செய்வான் என்று எழுதுங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ள மட்டும் விடாதீர்கள், நுரையீரல் கிழிந்துவிடும்.

விண்வெளிப் போரில் வெடிச்சத்தம் கேட்குமா?

கேட்காது. சத்தம் பயணிக்கக் காற்றோ நீரோ திடப்பொருளோ வேண்டும். உங்கள் நாயகன் இருக்கும் கலத்திலேயே குண்டு பட்டால் கலத்தின் சுவர் வழியாகக் கேட்கும்.

பூமியின் நடுவுக்குத் துளைபோட்டுப் போகும் கதை நடக்குமா?

திருச்செங்கோட்டுக்காரர்களிடம்தான் இதைக் கேட்க வேண்டும். அங்கிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் நாடு முழுவதும் போய்ப் போர் போடுகின்றன. அவிநாசி, பல்லடம் பக்கம் ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி போட்டும் தண்ணீர் வராமல் புழுதி பறந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு. மனிதன் போட்டதிலேயே ஆழமான துளைகளில் ஒன்று ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970இல் தொடங்கி 1989இல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். அடிக் கணக்கில் நாற்பதாயிரத்துக்கு மேல். பூமியின் நடுவுக்கு எத்தனை அடி தெரியுமா? இரண்டு கோடியே ஒன்பது லட்சம். அப்படியானால் இருபது ஆண்டு வேலையில் ஐந்நூறில் ஒரு பங்குத் தூரம்கூடப் போகவில்லை.

ஏன் நின்றது என்பதுதான் சுவையான பகுதி. அந்த ஆழத்தில் 100 டிகிரி இருக்கும் என்று நினைத்தார்கள், 180 டிகிரி இருந்தது. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் பாறை கல்லாக நடந்துகொள்வதை நிறுத்திவிடுகிறது. மெல்ல நகர்ந்து வந்து துளையை மூடப் பார்க்கும். பிட்டை வெளியே எடுத்துவிட்டு மறுபடி இறக்கினால் போட்ட வழியே இருக்காது. ரிக்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்டதும், "களிமண் போர்ல கேசிங் எறக்கறதுக்குள்ள மண்ணு சரியுதே, அந்த மாதிரிங்களா?" என்றார். அதே மாதிரிதான், ஆனால் எந்தக் கேசிங் பைப்பும் தாங்காத அளவில்.

போகாமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நிலநடுக்க அலைகளால். ஒரு வகை அலை திரவத்தைக் கடக்காது. அது மறுபக்கம் வந்து சேராததால், பூமியின் நடுப்பகுதியின் வெளி அடுக்கான வெளிக்கருவம் திரவம் என்று தெரிந்தது. அதற்கும் உள்ளே ஓர் உட்கருவம் இருப்பதை டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமான் என்ற பெண் அறிவியலாளர் 1936இல் அலைகளின் பாதையை வைத்தே கண்டுபிடித்தார். அங்கே வெப்பம் 5,000 டிகிரியைத் தாண்டும், சூரியனின் மேற்பரப்புக்கு ஈடாக.

வேற்றுக் கிரகவாசிகள் செய்தி அனுப்பினால் நமக்குத் தெரியுமா?

கேட்கும் காது நம்மிடம் இருக்கிறது. ஊட்டி முத்தோரையில் 1970இல் முடிக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கியை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் சுவரூப் தலைமையில் முழுக்க இந்தியாவில் வடிவமைத்துக் கட்டியது. அதை மலைச்சரிவில் வைத்ததில்தான் முழுச் சாமர்த்தியமும் இருக்கிறது. ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாயும் ஒரு சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. பூமி ஒரு பக்கம் சுழல, தொலைநோக்கியை மறுபக்கம் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும், வானத்தில் ஒரே இடத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பார்க்கலாம். ஏழை நாட்டின் விஞ்ஞானிகள் ஒரு மலைச்சரிவையே கருவியின் பாகமாக ஆக்கிக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சரி, செய்தி வந்தால்? முதலில் சந்தேகப்படுவார்கள். 1967இல் ஜோசலின் பெல் 1.33 விநாடிக்கு ஒருமுறை துல்லியமாகத் துடிக்கும் ரேடியோ அலையைக் கண்டபோது, அதற்குச் "சின்னப் பச்சை மனிதர்கள்" என்று விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். பிறகு அது சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்த ஒருவகை மர்ம அலை, நிலையத்துச் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் கதவை முடிவதற்கு முன் திறப்பதால் வருகிறது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். கதைகளில் செய்தி கிடைத்த மறுநாளே ராணுவம் வருகிறது. உண்மையில் முதல் ஆறு மாதமும் சமையலறை அடுப்பு, செல்போன் கோபுரம், செயற்கைக்கோள் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல துப்பறியும் கதைக்கான சரக்கு அதில் இருக்கிறது.

பதில் அனுப்பி உரையாடுவது இன்னும் பொறுமை கேட்கும் வேலை. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டு தூரத்தில், அதாவது ஒளியே 4.24 ஆண்டு ஓட வேண்டிய தூரத்தில் இருக்கிறது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் பதில் வர எட்டரை ஆண்டு ஆகும்.

அங்கே நேரில் போக எவ்வளவு காலம் ஆகும்?

1977இல் கிளம்பிய வாயேஜர்-1 விநாடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள். அதனால்தான் கதைகளில் புழுத்துளையும் (விண்வெளியில் ஒரு குறுக்குவழி) உறைதூக்கமும் (பயணிகளை உறையவைத்துத் தூங்கச் செய்வது) தலைமுறைக் கலங்களும் (ஏறியவர்களின் வாரிசுகள் போய்ச் சேரும் கலங்கள்) வருகின்றன. மூன்றில் தலைமுறைக் கலத்துக்கு மட்டும்தான் இன்று நமக்குத் தெரிந்த இயற்பியலையும் உடலியலையும் தாண்டிப் போகத் தேவையில்லை. ஆனால் அந்தக் கலத்துக்குள் ஆயிரம் ஆண்டு மண்வளம் குறையாமல் பயிர் செய்வது எப்படி என்று ஒரு விவசாயியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சூரியப் புயல் வந்தால் உலகமே இருண்டுவிடும் என்கிறார்களே?

இது கதைக்காரர்கள் அதிகம் மிகைப்படுத்தாத விஷயம். 1859இல் வந்த பெரும் சூரியப் புயலில் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது, சில இடங்களில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் தந்தி ஓடியது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. 2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து வந்த மேகம் பூமியின் காந்தக் கவசத்தை நெருக்கித் தற்காலிகமாக வலுவிழக்கச் செய்ததை, ஊட்டி கிரேப்ஸ்-3இல் இரண்டு மணி நேரம் மியூவான்கள் கூடியதை வைத்துக் கண்டார்கள்.

கதைகளில் வரும் பிழை ஒன்று: கையிலிருக்கும் போன் வெடிப்பதாக எழுதுவார்கள். புயல் தூண்டும் மின்னோட்டம் நீளமான கம்பிகளில்தான் சேரும். முதலில் அடிபடுவது உயரழுத்தப் பாதைகளும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களும். போன் நன்றாகத்தான் இருக்கும். சோமனூரில் தறி நிற்கும், தோட்டத்தில் மோட்டார் ஓடாது, இரண்டு நாளில் போனுக்குச் சார்ஜும் இருக்காது.

மின்னலைப் பிடித்து ஊருக்கே மின்சாரம் கொடுக்கலாமா?

மேகத்தில் உள்ள மின்னழுத்தம் பிரமிக்க வைக்கும். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே நின்ற ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததை, மியூவான்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்துக் கிரேப்ஸ்-3 குழு கணக்கிட்டு 2019இல் வெளியிட்டது. ஆனால் ஒரு மின்னலில் உள்ள ஆற்றல் தோராயமாக 100 கோடி ஜூல். யூனிட்டாக மாற்றினால் 280க்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறார்கள். ஒரு முழு மின்னலைச் சிந்தாமல் பிடித்தாலும் ஒரே ஒரு வீட்டின் ஐந்தரை மாத இலவச யூனிட்தான்.

எறும்பு யானை அளவு வளர்ந்தால்?

நடக்கவே முடியாது. எறும்பை விடுங்கள், 500 கிலோ எடையுள்ள காங்கேயம் காளையை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்குங்கள். எடை 8 மடங்கு ஏறி 4,000 கிலோ ஆகும். கால் எலும்பின் குறுக்குப் பரப்பு 4 மடங்குதான் கூடும். ஒவ்வொரு எலும்பும் முன்பைவிட இரட்டிப்புச் சுமை தாங்க வேண்டும். கலிலியோ 1638இலேயே இதை விளக்கினார். யானையின் கால் தூணாக இருப்பது இதனால்தான். எறும்புக்கு மூச்சுச் சிக்கலும் உண்டு: அதற்கு நுரையீரல் கிடையாது, உடம்பில் உள்ள துளைகள் வழியே காற்று ஊடுருவ வேண்டும். உடல் பெருத்தால் உள்ளே காற்று போய்ச் சேராது. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் இன்றைவிட அதிகமாக இருந்த காலத்தில் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான இறக்கை விரிப்புள்ள தும்பிப் பூச்சிகள் இருந்தன. பூச்சிகள் எட்டிய உயரம் அவ்வளவுதான்.

டைனோசரைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

மரபணு அவ்வளவு காலம் தாங்காது. இதுவரை மீட்கப்பட்ட மிகப் பழைய டிஎன்ஏ கிரீன்லாந்து மண்ணில் கிடைத்தது, 20 லட்சம் ஆண்டுப் பழையது. டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

இரண்டு இனங்களைக் கலந்து புதிய உயிரைப் படைக்கும் கதையென்றால் கோவைக்கு வாருங்கள். 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், சர்க்கரைச் சத்துள்ள தடித்த கரும்பையும் காட்டில் தானாக வளரும் நாணல் இனத்தையும் இணைத்தார்கள். 1918இல் கோ 205 வந்தது. காட்டுப் புல்லின் வறட்சி தாங்கும் குணத்தோடு வந்த அந்த ரகம் வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றியது. கோவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இங்குள்ள தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் என்பது. 1930களில் அங்கே பணியாற்றிய ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளம் போன்ற வேறு புல்லினங்களோடும் கலந்து பார்த்தார். கதைகளில் கலப்பு உயிர் என்றாலே ஆய்வகத்தை உடைத்துக்கொண்டு வெளியேறும் பூதம்தான். நாம் தினமும் காபியில் போட்டுக் குடிப்பதும் ஒரு கலப்பு உயிரின் சாறுதான்.

ரோபோ வந்தால் திருப்பூரில் டெய்லர்களே இருக்க மாட்டார்களா?

கேட்பவர்களின் கவலை உண்மையானது, அதனால் கவனமாகச் சொல்கிறேன். கதைகளில் ரோபோ முதலில் கைவேலையைக் கற்றுக்கொள்ளும், பிறகு சிந்திக்கும். நிஜத்தில் தலைகீழாக நடந்தது. 1997இலேயே கணினி சதுரங்கத்தில் உலக சாம்பியனைத் தோற்கடித்துவிட்டது. ஒரு பனியனின் கைப்பகுதியை உடம்போடு பொருத்தித் தைப்பது இன்னும் இயந்திரத்துக்குச் சவால். கார்த் தகடு எப்படிப் பிடித்தாலும் அதே வடிவில் இருக்கும். பின்னல் துணி தொட்டால் சுருளும், இழுத்தால் நீளும், ஒவ்வொரு முறையும் வேறு விதமாக மடியும். ஓவர்லாக்கில் உட்காரும் அக்கா விரல் நுனியில் அந்த இழுவையை உணர்ந்து நொடிக்கு நொடி திருத்துகிறார். துணி வெட்டுவதிலும் எம்பிராய்டரியிலும் கணினி எப்போதோ வந்துவிட்டது, ஏனென்றால் அங்கே துணி மேசையிலோ சட்டத்திலோ அசையாமல் இருக்கிறது. ஆகவே எந்த வேலை முதலில் போகும் என்று கதை எழுத விரும்பினால், துணி அசையாமல் நிற்கும் இடங்களைத் தேடுங்கள்.

கதையில் வரும் கணக்கைச் சரிபார்க்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். 19ஆம் நூற்றாண்டில் வந்த ஒரு புகழ்பெற்ற பிரெஞ்சு நாவலில் மூன்று பேரைப் பீரங்கிக் குண்டுக்குள் உட்கார வைத்து நிலவுக்குச் சுடுகிறார்கள். குழலின் நீளம் 900 அடி, அதாவது சுமார் 270 மீட்டர். பூமியைவிட்டு வெளியேற விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும். வேகத்தின் வர்க்கத்தை இரண்டு மடங்கு தூரத்தால் வகுத்தால் முடுக்கம் வரும். போட்டுப் பாருங்கள், ஈர்ப்பு முடுக்கத்தைப்போல 22,000 மடங்குக்கு மேல். போர் விமானிகளே 9 மடங்குக்குத் திணறுவார்கள். அந்த மூவரும் குழலை விட்டு வெளியே வரும் முன்பே, இருபதில் ஒரு பங்கு விநாடிக்குள், உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். இருந்தும் அந்த ஆசிரியர் ஃபுளோரிடாவிலிருந்து ஏவ வேண்டும் என்று சரியாகக் கணித்தார். நூறாண்டு கழித்து அப்போலோ வீரர்கள் மூவர் அங்கிருந்துதான் கிளம்பினார்கள். ஒரு பக்கம் தவறும் மறுபக்கம் இவ்வளவு தெளிவும் சேர்ந்து இருப்பதால்தான் இந்த வகைக் கதைகளை நான் விடாமல் படிக்கிறேன்.

பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்?

கோவையில் கொடிசியா பக்கம் மண்டல அறிவியல் மையம், அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம். ஊட்டித் தொலைநோக்கியும் கிரேப்ஸ்-3யும் வேலை நடக்கும் ஆய்வுக்கூடங்கள், அதனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். போகும்போது எல்லோரும் போனை அணைத்துவிடுங்கள், காரணம் மேலே சொன்ன மைக்ரோவேவ் அடுப்புதான்.

நம் ஊரை வைத்தே அறிவியல் கதை எழுத ஆசை. எதை எடுக்கலாம்?

வருகிற இளைஞர்களில் பாதிப்பேர், திருப்பூர்ச் சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றை எடுக்கிறார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கதை: ஒரு மாணவி புதுவகைப் பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கிறாள், அதை ஆற்றில் விடுகிறாள், சாயக்கழிவு முழுவதும் மறைந்து ஆறு தெளிகிறது. நல்ல மனதோடு எழுதுகிறார்கள். ஆனால் இதில் பாதிதான் அறிவியலுக்கு ஒத்துவரும். சாயம் என்பது கரிமச் சேர்மம். அதன் பிணைப்புகளை உடைத்து நிறத்தைப் போக்கும் நுண்ணுயிர்கள் உண்மையிலேயே இருக்கின்றன. நொய்யலின் பெரும் பிரச்சினை நிறத்தோடு முடியவில்லை. துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறார்கள். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது அந்த உப்பு நீர்தான். நிலமும் கிணறும் கெட்டது அதனால்தான். உப்பை எந்த உயிரும் தின்று இல்லாமல் ஆக்க முடியாது. அது ஏற்கெனவே மிக எளிமையான பொருள், உடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு ஆலைகள் மாற வேண்டியிருந்தது. சவ்வு வழியே நீரைப் பிரித்து, எஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். தண்ணீர் மறுபடி சாயப்பட்டறைக்கே போகிறது, உப்பில் ஒரு பகுதியும் திரும்பப் பயன்படுகிறது. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கொட்டகையில் குவிகிறது. உங்கள் மாணவி எந்த அற்புதத்தை வேண்டுமானாலும் கண்டுபிடிக்கட்டும். அவள் ஆற்றைச் சுத்தம் செய்த மறுநாள் அந்த உப்பு எங்கே இருக்கிறது என்று இரண்டாவது அத்தியாயத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள், அடுத்த கூட்டத்தில் முதலில் அதைப் படிப்போம்.